ஊருக்கு வந்த ஒளியிழையும் நம் இளைஞர்களும்

வாய்க்காலைத் தூர்வாரும்போது மண் தோண்டும் இயந்திரத்தில் ஒரு கறுப்பு வடம் சிக்கி அறுந்துவிடுகிறது. அத்துடன் ஊராட்சி அலுவலகத்தில் இணையம் நின்றுவிடுகிறது. வரி ரசீதும் சான்றிதழும் காத்துக் கிடக்கின்றன. பழுது நீக்குவோர் நகரத்திலிருந்து வரவேண்டும். அத்தொழிலைக் கற்றவர் நம் ஊரிலேயே இருப்பின் எத்துணை நன்மை!

கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் தேசியத் திட்டத்திற்கு 2011-ஆம் ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணி தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒளியிழை என்பது மயிரிழை போன்ற தூய கண்ணாடியாகும். செய்திகள் ஒளித்துடிப்புகளாக மாறி, அதனுள் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. முறிவைக் கண்டறிய ஓ.டி.டி.ஆர். என்னும் கருவி உண்டு. அது ஓர் ஒளித்துடிப்பை அனுப்பி, எதிரொளி திரும்பும் நேரத்தை அளக்கிறது. நொடியில் 10,000-இல் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், முறிவு சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எனலாம். பின்னர் முறிந்த முனைகளைச் சீராக வெட்டி, மின்பொறியின் வெப்பத்தால் உருக்கி ஒட்டுவர்.

இத்தொழிலுக்குப் படிப்படியான வழி உண்டு. பத்தாம் வகுப்பில் தேறியவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னணுக் கருவிப் பயிற்சியை 2 ஆண்டுகள் பெறலாம். அதன்பின் பாலிடெக்னிக்கில் மின்னணுத் தொடர்பியல் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் பெற்றோர் பொறியியற் கல்லூரியிலும் அவ்வாறே இரண்டாம் ஆண்டில் சேர இடமுண்டு. வடம் இணைப்பவராகத் தொடங்குபவர், வலையமைப்பை வகுக்கும் பொறியாளராக உயரலாம்.

தொடக்கத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்க நேரிடும். கம்பம் ஏறவும் இரவில் பழுது நீக்கவும் வேண்டிவரும். இழையில் செல்லும் ஒளி கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் கண்ணுக்குத் தீங்கு செய்யவல்லது. ஆதலின் இழையின் முனையை உற்று நோக்கலாகாது. முறையான பயிற்சி இன்றியமையாதது.

மே 1-ஆம் நாள் கூடும் கிராம சபையில், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய மாணவ மாணவியரின் பெற்றோருக்கு ஊராட்சி உறுப்பினர்கள் இவ்வழியை எடுத்துரைத்தல் வேண்டும். வடம் செல்லும் பாதையை அறிந்து, அவ்விடத்தில் மண் தோண்டுமுன் உரியவர்க்குத் தெரிவித்தலும் கடமையாகும். வடம் ஊருக்கு வந்தால் மட்டும் போதாது. அதைப் பேணும் அறிவும் ஊரிலேயே வளர வேண்டும்.