அயல்நாட்டு நட்பைப் பிள்ளையளுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?

ஒவ்வொரு பெப்ரவரி 4ஆம் திகதியும் இலங்கைக்கு டெல்லியிலிருந்து சுதந்திர தின வாழ்த்து வரும். ஓகஸ்ட் 15க்கு கொழும்பிலிருந்து வாழ்த்துப் போகும். அயலவர், நட்பு, பல நூற்றாண்டுத் தொடர்பு. சனாதிபதிகள் மாறினாலும் இந்தச் சொல்லுகள் பெரிசாய் மாறுறேல்லை. வீட்டில் தமிழ்ச் செய்தி ஓடேக்க பக்கத்தில இருக்கிற பிள்ளை கேட்கும்: “அப்பா, இந்தியாவும் இலங்கையும் பிரெண்ட்ஸா?” உங்கட வீட்டிலயும் கேட்டிருக்கும். ஓம் எண்டு சொன்னாலும் முழு உண்மையில்லை, இல்லை எண்டு சொன்னாலும் முழு உண்மையில்லை.

நான் மென்பொருள் எழுதுற ஆள். நிரலுக்கு மேல எழுதியிருக்கிற விளக்கத்தை விட, கீழே நிரல் உண்மையில் என்ன செய்யுது எண்டுதான் முதலில் பார்ப்பன். நாடுகளின்ர நட்பையும் அப்பிடித்தான் மகளுக்குக் காட்ட வெளிக்கிட்டன்.

லேசான உதாரணம் இங்க பக்கத்திலயே இருக்கு. ஓர்லிகோனில ரயில் ஏறி, சூரிச்சில மாறி, சார்கன்சில இறங்கி பஸ் எடுத்தால் லிக்டன்ஸ்டைன். எல்லையைத் தாண்டினது அவளுக்கு விளங்கவேயில்லை. கடவுச்சீட்டை ஒருத்தரும் கேட்கேல்லை, கடையில பிராங்க்தான். இதுக்கு அடிப்படை 1923ஆம் ஆண்டு மார்ச் 29 இல் கைச்சாத்தான சுங்க ஒப்பந்தம். அதின்ர தலைப்பில நட்பு எண்ட சொல்லே இல்லை. லிக்டன்ஸ்டைன் சுவிஸின்ர சுங்கப் பரப்புக்குள்ள சேருது எண்டதுதான் விசயம். 1924 தை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்து இன்னும் நடக்குது.

இனி எங்கட கடலுக்கு வருவம். 1974 யூன் 26 கொழும்பிலயும் 28 டெல்லியிலயும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. 285 ஏக்கர், ஆள் குடியிருக்காத தீவு. அந்த ஒப்பந்தத்தின்ர 5ஆவது பிரிவை நான் மகளுக்கு வாசிச்சுக் காட்டினன்: இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்னர் போலவே அங்க வந்து போகலாம், விசாவோ பயண ஆவணமோ தேவையில்லை. மாசியிலயோ பங்குனியிலயோ வாற அந்தோனியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலயிருந்தும் யாழ்ப்பாணப் பக்கத்திலயிருந்தும் சனம் வள்ளங்களில வந்து, ஒரு இரவு ஒரே மண்ணில தங்கி, காலமைப் பூசை கண்டு திரும்புறது இந்தப் பிரிவாலதான். யுத்த காலத்தில இது நிண்டுபோய்ப் பிறகு திரும்பத் தொடங்கினது. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு நாட்டுக்கும் இடையில சாதாரண சனத்தின்ர கைக்கு எட்டின நட்பு இதுதான்.

ஆனால் கதை அதோட முடியேல்லை. 1976இல் ரெண்டு அரசும் மாறிமாறி எழுதின கடிதங்களில, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில அனுமதியில்லாமல் மீன்பிடிக்கக்கூடாது எண்டு வந்திட்டுது. அந்தோனியாரைக் கும்பிடலாம், வலை போடேலாது. 2024 திருவிழாவுக்கு ராமேஸ்வரத்து ஆக்கள் போகேல்லை. தங்கட மீனவர் இலங்கைச் சிறையில இருக்கினம் எண்டு எதிர்ப்புக் காட்டினவை. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி சனாதிபதி அனுர குமார திசாநாயக்க கச்சதீவுக்கே நேரில போனார்.

பிள்ளைக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி இதுக்குப் பிறகுதான். வலை அறுபடுறவனும் தமிழன், அறுக்கிற படகில நிக்கிறவனும் தமிழன். நெடுந்தீவில இருக்கிற என்ர மாமா கடனுக்கு வாங்கின வலையை ஒரே இரவில இழுவைமடிப் படகுகள் கொண்டுபோனது. கடலடியையே வாரி அள்ளுற அந்த முறையை இலங்கை 2017இல சட்டத்தால தடை செய்தது. எங்கட அலுவலகத்தில ராமநாதபுரத்துப் பொடியன் ஒருத்தர் வேலை செய்யிறார். அவரோட இதைக் கதைக்க எனக்கு ஒரு வருசம் பிடிச்சது. அவர் கோவிக்கேல்லை. “எங்க சித்தப்பா அந்தப் படகுல கூலிக்குப் போறவரு அண்ணே. படகு அவரோடது இல்ல. பிடிபட்டா சிறைக்குப் போறது மட்டும் அவரு” எண்டார். அதுக்கு என்னட்டைப் பதில் இருக்கேல்லை.

இதை மகளுக்கும் அப்பிடியே சொன்னன். ரெண்டு பேரும் பாவம் எண்டாள். “அப்ப ஆர் பிழை?” எண்டும் கேட்டாள். படகுக்குச் சொந்தக்காரர், கடன், டீசல், ரெண்டு அரசாங்கம் எண்டு இழுத்தன். பாதியில போயிட்டாள்.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில ஏப்ரல் 15இலயிருந்து யூன் 14 வரைக்கும் 61 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடைக்காலம், மீன் பெருகட்டும் எண்டு. மாமா புது வலையை அந்த ரெண்டு மாசத்திலதான் கடலில இறக்குவார்.