கடாரத்துக் கற்கோயில்கள்: பூஜாங் பள்ளத்தாக்கிற்கு ஒரு பயணம்

ஆண்டுதோறும் தைப்பூசத் திருநாளில் சுங்கை பட்டாணி நகரில் பக்தர் கூட்டம் அலைமோதுகிறது. காவடியும் பால்குடமும் ஏந்தி ஸ்ரீ சுப்பிரமணியர் ஆலயத்தில் நேர்த்திக்கடன் செலுத்தும் அன்பர்கள், அன்னதானப் பந்தியில் அமர்ந்து உண்டு, மனநிறைவுடன் தத்தம் ஊர்களுக்குத் திரும்புகின்றனர். ஆனால் அந்நகரிலிருந்து அரை மணி நேரக் காரோட்டத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இதே மண்ணில் தீபம் ஒளிர்ந்த ஒரு கோயிலின் கருங்கல் அடித்தளம் இருக்கின்றது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்? அறிந்தவர்களிலும் நேரில் சென்று கண்டவர்கள் எத்தனை பேர்?

கெடா மாநிலத்தின் மெர்போக் வட்டாரத்தில், ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடைப்பட்ட வயல்களும் தோட்டங்களும் கம்பங்களும் நிறைந்த நாட்டுப்புறமே பூஜாங் பள்ளத்தாக்கு ஆகும். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குத் தொலைவிலேயே தென்படும் அடையாளமாக விளங்கியது. காற்றின் போக்கை நம்பிப் பாய்மரக் கலம் செலுத்தியவர்கள், அம்மலையைக் கண்டதும் கரை நெருங்கியது என்று உணர்ந்தனர். மலையின் அடிவாரத்து ஆற்று முகத்துவாரங்களில் கலங்களை நிறுத்திப் பண்டம் மாற்றினர். அடுத்த பருவக்காற்று வீசும்வரை தங்கினர். தங்கிய இடத்தில் வழிபாட்டிடங்களும் எழுந்தன.

நூல்களிலும் கல்வெட்டுகளிலும் கடாரம்

தமிழருக்கு இவ்வூர் புதியதன்று. சங்க நூலான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குவிந்த பொருள்களுள் காழகத்துப் பொருள்களையும் குறிப்பிடுகின்றது. அந்தக் காழகம் கடாரமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வடமொழி நூல்கள் இதனைக் கடாகம் என்று அழைத்தன. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குச் சென்ற சீனத் துறவி யி ஜிங் இவ்வழியே பயணம் செய்து, கெடாவைத் தம் குறிப்பில் எழுதி வைத்தார்.

முதலாம் இராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை நடத்திக் கடாரம் கொண்டான் என்னும் பட்டம் பெற்ற செய்தியைப் பலரும் அறிவர். அவன் தந்தை இராஜராஜன் காலத்தில் நிகழ்ந்ததைச் சிலரே அறிவர். அக்காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். சைவப் பேரரசனாகிய இராஜராஜன் அப்பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே தானமாக அளித்தான். இன்று நெதர்லாந்து நாட்டு லைடன் நகரின் பெயரால் வழங்கும் செப்பேடுகள் இதற்குச் சான்று பகர்கின்றன. ஆகவே கடாரத்திற்கும் தமிழகத்திற்கும் இடையே இருந்த தொடர்பு வாளால் மட்டும் அமைந்ததன்று. வாணிகத்தாலும் அறத்தாலும் வளர்ந்தது என்பதை அங்குச் செல்வோர் நெஞ்சில் கொள்ளல் வேண்டும்.

மறைந்ததும் வெளிப்பட்டதும்

14-ஆம் நூற்றாண்டிற்குப் பின்னர் துறைமுகங்கள் தூர்ந்து வாணிகம் வேறிடம் சென்றது. மரக்கூரைகள் மக்கின, கற்களைக் காடு மூடியது. 19-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி இப்பகுதிகளில் பழம்பொருள்களைத் தேடினார். 1834-இல் அவர் செபராங் பிறைப் பகுதியில் கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனின் கடற்பயணம் இனிதே நிறைவேற வேண்டிப் பொறிக்கப்பட்டதாகும். 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல் இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. கடலைக் கடக்கும் மனிதன் இறைவனிடம் வழித்துணை வேண்டிய அந்தச் செயலில், கப்பலேறி மலாயா வந்த நம் முன்னோரின் உள்ளத்தையும் காணலாம்.

பின்னர் 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவியார் டோரத்தியும் பள்ளத்தாக்கில் அகழாய்வு மேற்கொண்டு முப்பது இடங்களைப் பட்டியலிட்டனர். அவர்கள் இட்ட எண்களே இன்றும் அவ்விடங்களின் பெயர்களோடு வழங்கி வருகின்றன. மலாய் மொழியில் இத்தகைய பழங்கோயில்களைச் சண்டி என்று கூறுவர்.

புக்கிட் பத்து பாகாட் சண்டி

பயணத்தை மெர்போக்கிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குவதே நன்று. 1980-இல் திறக்கப்பட்ட இக்காட்சிசாலை, மலைச்சரிவில், ஓடையின் சலசலப்புக் கேட்கும் நிழல் மிகுந்த சூழலில் அமைந்துள்ளது. உள்ளே சீனப் பீங்கான் துண்டுகள், மேலை நாட்டுக் கண்ணாடிச் சில்லுகள், வண்ண மணிகள், மட்கலங்கள் ஆகியவை வைக்கப்பட்டுள்ளன. சிதைந்த விநாயகர் திருவுருவையும் மகிடாசுரனை வதைக்கும் துர்க்கையின் உருவையும் காண்போர் சற்று நேரம் அசையாது நின்றுவிடுவர். துதிக்கை தேய்ந்தாலும் பிள்ளையாரை அடையாளம் காணத் தமிழ்க் குழந்தைக்கும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வெளியே படிகளேறிச் சென்றால், எட்டாம் எண் இடம் எனப்படும் புக்கிட் பத்து பாகாட் சண்டியைக் காணலாம். உளியால் செதுக்கிய கல்லின் குன்று என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருளாகும். சண்டி புதையுண்டு கிடந்த காலத்திலும் ஊரின் பெயர் கல்தச்சனின் உளியை மறக்கவில்லை. 1959, 1960-ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லேம்ப் என்னும் ஆய்வாளரின் மேற்பார்வையில் இக்கோயிலின் அடித்தளம் மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டது. கருங்கல்லால் ஆன விமானத்தின் அடிப்பகுதியும் அதன் முன்னே அகன்ற மண்டபத்தின் தளமும் இன்று காணக் கிடைக்கின்றன. மரத்தூண்களை நிறுத்துவதற்கான கல் ஆதாரங்கள் வரிசை வரிசையாக உள்ளன. அபிடேக நீர் வெளியேறும் கல் தூம்பும் இங்குக் கிடைத்தது. இது சிவாலயமாக இருந்திருக்கலாம் என்றும் 11-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

பேழைக்குள் ஒன்பது அறைகள்

ஆலயத் திருப்பணியில் ஈடுபட்டோர் இங்கு அவசியம் காண வேண்டியது, மறுகட்டுமானத்தின்போது அடித்தளத்திலிருந்து வெளிப்பட்ட கற்பேழைகளாகும். சிறு கற்பாளத்தில் நடுவே ஒன்றும் சுற்றிலும் எட்டுமாக ஒன்பது குழிகள் குடையப்பட்டு, மேலே கல்மூடி இடப்பட்டிருந்தது. உள்ளே செப்புக் கலயமும், பொன், வெள்ளித் தகடுகளில் வெட்டிய சிறு உருவங்களும், மணிக்கற்களும் இருந்தன.

இதனைப் படிக்கும் ஆலய நிர்வாகத்தினருக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. இன்றும் புதிய ஆலயம் எழுப்புகையில், ஆகம விதிப்படி கருவறையின் அடியில் நவரத்தினங்களும் பொன்னும் தானியங்களும் இடப்படுகின்றன. மூலவரின் பீடத்தின் கீழே யந்திரத் தகடு வைத்து, அட்டபந்தனம் சாத்தி, குடமுழுக்கு நடத்தப்படுகின்றது. தாலியிலிருந்து ஒரு பொற்குண்டுமணியைக் கழற்றி அக்குழியில் இட்டுக் கண்ணீர் மல்கக் கைகூப்பும் தாய்மாரைப் பல தோட்டத்து ஆலயங்களில் காணலாம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மெர்போக் மலைச்சரிவில் பொன்னையும் மணியையும் பூமிக்குள் இட்டு மூடிய கைகளும் அவ்வாறே கூப்பியிருக்கும் அன்றோ? கோபுரம் இல்லை, கூரை இல்லை, மூலவர் இல்லை; எவரும் காணாத இடத்தில் வைத்த காணிக்கை மட்டும் எஞ்சி நின்றது.

அருங்காட்சியக வளாகத்தில் பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் ஆகிய இடங்களிலிருந்து கொணர்ந்து மீண்டும் அமைக்கப்பட்ட சண்டிகளும் உள்ளன. சில செங்கல்லாலும் சில ஆற்றுக் கல்லாலும் செம்பாறைக் கல்லாலும் ஆனவை. சிவநெறி சார்ந்தவையும் பௌத்தம் சார்ந்தவையும் இப்பள்ளத்தாக்கில் அருகருகே இருந்தன.

சுங்கை பத்துவும் பிற இடங்களும்

அங்கிருந்து பீடோங் செல்லும் சாலையில் செமிலிங் அருகே சுங்கை பத்து அகழாய்விடம் உள்ளது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009 முதல் இங்கு இரும்பு உருக்கிய உலைகளையும், காற்று ஊதும் மண்குழாய்களையும், இரும்புக் கசடுகளையும், செங்கல்லால் கட்டிய படகுத்துறைகளையும் வெளிக்கொணர்ந்தனர். இன்று நிலத்தின் நடுவே தோன்றும் இப்படகுத்துறைகளின் அருகில் அன்று கலங்கள் செல்லத்தக்க ஆறு ஓடியது. இவ்விடத்தின் தொடக்கக் காலத்தைச் சிலர் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளுக்குக் கொண்டு செல்கின்றனர். வேறு சிலர் அதனை ஏற்கத் தயங்குகின்றனர். எவ்வாறாயினும் இப்பள்ளத்தாக்கு வணிகர் தங்கிச் சென்ற வெறும் துறை அன்று. உள்ளூர் மக்கள் உலையூதி இரும்பு படைத்த தொழில் நிலம் என்பது தெளிவாகின்றது.

வடக்கே யான் வட்டாரத்தில் புக்கிட் சோராஸ் என்னுமிடத்தில் 2023, 2024-ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வில், சுதையால் ஆன பெரிய புத்தர் உருவங்கள் கிடைத்து அறிஞர் உலகை வியப்பில் ஆழ்த்தின. பள்ளத்தாக்கு தன் செய்தியை இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

நேரமுள்ளோர் கோத்தா கோலா மூடாவுக்கும் செல்லலாம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கிய அம்மீனவர் ஊரில், சிதைந்த படகுகளைக் கொண்ட நினைவுக் காட்சியகம் உள்ளது. வாழ்வளித்த கடலே சினங்கொண்டால் என்னாகும் என்பதை அது உணர்த்துகின்றது. அலோர் ஸ்டார் அருகே கெரியாங் குன்றின் அடியிலுள்ள நெல் அருங்காட்சியகம் குழந்தைகளுக்கு உகந்தது. அதன் மாடியில் சுழலும் மேடையில் அமர்ந்து, சுற்றுச்சுவரெங்கும் தீட்டப்பட்ட கெடாவின் வயற்காட்சிகளைக் கண்டு களிக்கலாம்.

இழந்த பதினோராம் சண்டி

மகிழ்ச்சியான செய்திகளிடையே ஒரு துயரச் செய்தியையும் மறைத்தல் ஆகாது. 2013-ஆம் ஆண்டின் இறுதியில், சுங்கை பத்து தோட்டத்தில் இருந்த பதினோராம் எண் சண்டி மேம்பாட்டுப் பணிக்காக இயந்திரங்களால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அது தனியார் நிலத்தில் இருந்தது. பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை. செய்தி வெளியானதும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பல இனத்தவரும் சமயத்தவரும் வருந்தினர். எனினும் இடிந்தது இடிந்ததுதான்.

பழி யார்மீது என்று பேசுவது எளிது. ஆனால் அந்தச் சண்டி நின்றபோது அதைக் காணச் சென்றவர் எத்தனை பேர் என்ற கேள்வியும் உடன் எழுகின்றது. அத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவியவர்களுள் தமிழரும் பலர். நிரைகளுக்கிடையே கிடந்த செங்கற்குவியலை நாள்தோறும் தாண்டிச் சென்றபோது, அது இன்னதென்று அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை. மக்கள் அறியாத பொருளைச் சட்டம் காப்பது அரிது. வந்து காண்போர் உள்ள இடத்திற்கே வேலியும் காவலும் வருகின்றன.

செல்வோர் கவனத்திற்கு

பூஜாங் செல்வோர் சிலவற்றை நினைவில் கொள்ளல் நலம். இவை வழிபாடு நின்றுபோன தலங்கள். அரசின் பாதுகாப்பிலுள்ள தொல்பொருள்கள். கற்களின் மேல் சூடம் ஏற்றுவதும், மஞ்சள் குங்குமம் தடவுவதும், எண்ணெய் ஊற்றுவதும் பக்தி ஆகா. அவை கல்லுக்கு ஊறு செய்யும். நினைவுக்கென ஒரு செங்கல் துண்டையும் எடுத்து வருதல் கூடாது. உள்ளத்தால் வணங்கி மீள்வதே அங்குச் செய்யத்தக்க வழிபாடாகும்.

அதேபோல், இவை அனைத்தையும் சோழன் கட்டினான் என்று பிள்ளைகளிடம் கூறுவதும் தவறு. சோழர் படையெடுப்பிற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்குச் சண்டிகள் எழுந்தன. உள்ளூர் மன்னரும் மக்களும், கடல் கடந்து வந்த வணிகரும் கைவினைஞரும் கூடி உருவாக்கிய செல்வம் இது. உண்மையைச் சொன்னால் நம் பெருமை குறைந்துவிடாது. மிகைப்படுத்திச் சொன்னால்தான் பிறர் நம் சொல்லை ஐயுறுவர்.

ஆலய நிர்வாகங்கள் தங்கள் ஆண்டுத் திட்டத்தில் மெர்போக் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். தேவார வகுப்பு மாணவர்களைப் பேருந்தில் அழைத்துச் சென்று, ஒன்பது குழிப் பேழையைக் காட்டி, கருவறையின் அடியில் இன்றும் என்ன வைக்கிறோம் என்று அர்ச்சகர் விளக்கினால், ஒரு நாளில் அவர்கள் கற்பது ஆயுளுக்கும் நிற்கும்.

பூஜாங் நமக்கு விடுக்கும் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆலயங்கள் இடம் மாறும் காலம் இது. நூறாண்டுப் பழமையான ஆலயங்கள் பலவற்றில் நிலப் பத்திரமோ, தொடக்க கால நிழற்படமோ, முதல் குடமுழுக்கு அழைப்பிதழோ இல்லை. திருப்பணியின்போது பழைய சூலத்தையும் கல்விளக்கையும் அகற்றிவிடுவோரும் உளர். ஒவ்வோர் ஆலயமும் ஓர் அலமாரியையேனும் ஒதுக்கி, தன் ஆவணங்களையும் பழம்பொருள்களையும் தேதியிட்டுப் பாதுகாத்தல் வேண்டும். பதிவில்லாத கோயிலுக்குப் பேச நாவில்லை என்பதைப் பதினோராம் சண்டி கற்பித்துச் சென்றுள்ளது.

அடுத்த திருவிழாவிற்கு வடக்கே செல்லும் மெய்யன்பர்கள், திரும்பும் வழியில் அரை நாளை மெர்போக்கிற்கு ஒதுக்குவார்களாக. மணியோசையும் மேளமும் அங்குக் கேட்கமாட்டா. ஓடை நீரின் ஒலி மட்டுமே கேட்கும். அந்த அமைதியில், பெயர் தெரியாத ஓர் அடியார் மண்ணுக்குள் இட்டு மூடிய பொன்னின் நினைவு நெஞ்சில் நிறையும்.