நல்லவனாகவே இருந்தாக வேண்டிய கட்டாயம்

1987-ல் பிபிசியின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் ஓர் ஆண் தன் காதலனின் நெற்றியில் முத்தமிட்டான். அவ்வளவுதான். 'தி சன்' நாளிதழ் தொடரின் பெயரையே கொச்சையாகத் திரித்துத் தலைப்புப் போட்டது. விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் காரணமான காலின் ரஸ்ஸல், அந்தத் தொடரில் குடியிருந்தவர்களிலேயே பரம சாது. நாகரிகமாகப் பேசும் வரைகலைஞர்.

அவரை அப்படிப் படைத்ததில் நியாயம் இருந்தது. அதுவரை பிரிட்டிஷ் வரவேற்பறைகளுக்குத் தெரிந்தவர் மிஸ்டர் ஹம்ப்ரீஸ்தான். 1972 முதல் 1985 வரை ஓடிய 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?' நகைச்சுவைத் தொடரில் ஆண்கள் உடைப் பிரிவின் விற்பனையாளர் அவர். குழைந்த நடை, இழுத்த பேச்சு, வரிக்கு வரி இரட்டை அர்த்தம். அவர் யாரை விரும்புகிறார் என்று தொடர் சொல்லவே இல்லை. சொல்லாமலேயே சிரிப்பை அள்ளியது. அந்தக் கோமாளிக்கு மாற்றாகத்தான் காலின் என்ற கண்ணியவான் வந்தார்.

ஆனால் அந்தக் கண்ணியத்துக்குக் கொடுத்த விலை, ஆசை. காலினும் காதலன் பாரியும் ஒரே வீட்டில் வாழ்ந்தாலும், பார்ப்பவருக்கு அது பாதி நேரம் அறைத்தோழர் கதையாகவே தெரியும். வெளியே சூழலும் இறுகியது. தன்பாலீர்ப்பை உள்ளாட்சி அமைப்புகள் 'ஊக்குவிக்க'க் கூடாது என்ற 28-ஆம் பிரிவு 1988-ல் சட்டமானது. மறு ஆண்டு ஜனவரியில் காலின் இன்னொருவரின் உதட்டில் முத்தமிட்டார். ஒரு நொடி கூட இல்லை. அந்த ஆண்டே அவர் தொடரை விட்டுப் போனார். அவராக நடித்த மைக்கேல் கேஷ்மன், 28-ஆம் பிரிவை எதிர்த்து எழுந்த 'ஸ்டோன்வால்' அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரானார்.

பெண்களுக்கு வேறு கதி. 1994-ல் 'புரூக்சைட்' தொடரில் பெத் ஜோர்டாஷ் தன் தோழியை முத்தமிட்ட காட்சியை வரலாறு என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் அது இடம்பெற்றது. பெத்தின் முழுக் கதையை யாரும் சொல்வதில்லை. தந்தையால் பாலியல் வன்முறைக்கு ஆளானவள்; தாயோடு சேர்ந்து அவனைக் கொன்று புழக்கடையில் புதைத்தவள். 'ஆணால் பட்ட காயம், அதனால்தான் பெண்ணை நாடினாள்' என்று முடிவுகட்ட விரும்பியவர்களுக்குக் கதையே வழி திறந்துவிட்டது. 1995-ல் சிறையில், இதயக் கோளாறில் அவள் செத்துப்போனாள். முத்தத்துக்குத் தைரியம் இருந்த தொடருக்கு, அவளை வாழவைக்கத் தெரியவில்லை.

1999 பிப்ரவரியில் சேனல் 4-ல் ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதிய 'குவியர் அஸ் ஃபோக்' வந்தது. மான்செஸ்டரின் கேனல் தெரு, இரவு விடுதிகள், படுக்கையறை. நாயகன் ஸ்டூவர்ட் சுயநலக்காரன், கர்வி, எதற்கும் மன்னிப்புக் கேட்காதவன். முதல் அத்தியாயத்திலேயே 15 வயதுப் பையனோடு படுக்கிறான். ஆண்களுக்கு அன்று சட்டம் அனுமதித்த வயது 18. அது எனக்கு இன்றும் நெருடுகிறது, நெருடத்தான் வேண்டும். விளம்பரம் தந்த பீர் நிறுவனம் விலகிக்கொண்டது. 'எங்களை இப்படியா காட்டுவது?' என்று தன்பாலீர்ப்பாளர்களிலும் பலர் கொதித்தார்கள். கோமாளிக்கும் கண்ணியவானுக்கும் பழகியவர்களுக்கு ஒரு அயோக்கியன் புதிது.

அதே டேவிஸ் 2021-ல் 'இட்ஸ் எ சின்' தொடரில் ரிச்சியைப் படைத்தார். 1980-களின் எய்ட்ஸ் காலம். ரிச்சி தற்பெருமைக்காரன், தாட்சருக்கு ஓட்டுப் போடுபவன். தனக்கு நோய் இருக்கலாம் என்று தெரிந்தும் பலரோடு உறவுகொண்டதை மரணப் படுக்கையில் ஒப்புக்கொள்கிறான். காலினுக்கு இப்படி ஒரு வசனத்தை 1987-ல் யாரும் எழுதியிருக்க முடியாது. ரிச்சிக்காக அழுதவர்கள், அவனை மன்னித்துவிட்டு அழவில்லை.