ஸ்காட்லாந்தில் பெயர்கள் பெருகுவதும் மறைவதும்

தமிழ்நாட்டை விட்டு வெளியே குடியேறிய நம்மவர்களுக்கு விண்ணப்பப் படிவத்தில் 'சர்நேம்' என்ற கட்டம் ஒரு தலைவலி. நமக்கு இனிஷியல் உண்டு. குடும்பப் பெயர் பெரும்பாலோருக்குக் கிடையாது. ஆகவே அப்பாவின் பெயரை எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். அந்தப் பெயரே பேரன், கொள்ளுப்பேரன் என்று தொடர்ந்தால் என்ன ஆகும்? இதே வழியில் நமக்கு முன்பே நடந்து போன நாடு ஸ்காட்லாந்து. அங்கே நடந்ததைப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி மக்களின் கேலிக் மொழியில் 'மக்' என்றால் மகன். தென்னிந்தியச் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சியை நாம் அறிவோம். மெக்கன்சி என்றால் கென்னத்தின் மகன் என்று பொருள். ஆதியில் இது நம் இனிஷியலைப் போலத் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்தது. பிறகு ஏதோ ஒரு பாட்டனாரின் பெயரிலேயே நின்றுவிட்டது. ஷெட்லாந்து தீவுகளில் மட்டும் தந்தை பெயரைச் சொல்லும் பழைய வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. 1855-இல் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசு பதிவு செய்யத் தொடங்கிய பின் எந்தப் பெயர் எத்தனை பேருக்கு என்று எண்ண முடிந்தது.

அங்கே முதலிடம் ஸ்மித்துக்கு. நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். பிரவுன், வில்சன், கேம்பெல், ஸ்டூவர்ட் ஆகியவையும் முன்வரிசையில் உள்ளவை. ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்ததால் இந்தப் பெயரும் பல இடங்களில் தனித்தனியே முளைத்தது. 'கொல்லர் மகன்' என்று பொருள்படும் கேலிக் பெயரை உடையவர்களிலும் பலர் ஆங்கிலத்தில் ஸ்மித் ஆனார்கள். கேம்பெல் போன்ற பெயர்கள் வேறு விதமாகப் பெருகின. குலத் தலைவரின் நிலத்தில் குடியிருந்தோர், அவர் பாதுகாப்பை நாடியோர், இரத்த உறவே இல்லாவிட்டாலும் அவர் பெயரைச் சூடிக்கொண்டார்கள். ஒரே பெயர் இருப்பதால் எல்லோரும் ஒரே பாட்டனார் வழி என்று சொல்லிவிட முடியாது.

சட்டமும் ஒரு பெயரை மறைக்கும். 1603-இல் மெக்கிரிகர் என்ற பெயரையே அரசு தடை செய்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டால் மரண தண்டனை. 1661-இல் தடை நீங்கியது. 1693-இல் மீண்டும் வந்தது. 1774-இல்தான் முற்றிலும் ஒழிந்தது. இடைக்காலத்தில் அந்தக் குலத்தார் கேம்பெல், கிராண்ட், டிரம்மண்ட், மர்ரே என்று பெயர் மாற்றிக்கொண்டு வாழ்ந்தார்கள். புகழ்பெற்ற ராப் ராய் மெக்கிரிகரும் தாய் வழிப் பெயரான கேம்பெலைப் பயன்படுத்தினார். தடை நீங்கிய பின் சிலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. ஏட்டில் பெயர் இல்லாமற்போன காலத்திலும் ஆட்கள் இருந்தார்கள்.

யாரும் தடை செய்யாமலே பெயர்கள் மறைவதும் உண்டு. 1873-இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கில அறிஞர் இதை ஒரு கணக்காகவே கேட்டார். வாட்சன் என்ற பாதிரியார் விடை காண முயன்றார். எளிமையாகச் சொல்கிறேன். 100 ஆண்கள், 100 வெவ்வேறு பெயர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் இரண்டு நாணயம் சுண்டட்டும். எத்தனை தலை விழுகிறதோ அத்தனை மகன்கள். சராசரி ஆளுக்கு ஒரு மகன். ஆகவே ஜனத்தொகை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் முதல் தலைமுறையிலேயே சுமார் 25 பெயர்கள் போய்விடும். இரண்டாவது தலைமுறைக்குள் 39, மூன்றாவதற்குள் 48. மிஞ்சிய பெயர்களை அதிகம் பேர் சுமப்பார்கள். இதில் யாருடைய குற்றமும் இல்லை. பெயரை மகன் வழியில் மட்டும் எண்ணுவதால் வரும் விளைவு. மகள் வழிப் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

குடிபெயர்வும் கணக்கை மாற்றும். மலைப்பகுதிகளிலிருந்து ஏராளமான மெக்டொனால்டுகள் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து கெல்லி, மர்ஃபி போன்ற பெயர்கள் கிளாஸ்கோவுக்கு வந்தன. இன்று அங்கே கான், அகமது, சிங் என்ற பெயர்களும் புதிதல்ல. எழுத்து வேற்றுமை வேறு இருக்கிறது. மெக்டொனால்டை ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூட்டியும் குறைத்தும் எழுதுவார்கள். இரண்டையும் தனித்தனியே எண்ணினால் வரிசையில் ஓர் இடம். சேர்த்து எண்ணினால் அதைவிட மேலான இடம்.

ஸ்காட்லாந்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரைக் கல்லறைக் கல்லிலும் பொறிப்பார்கள். இறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் கேட்பார்கள். அதனால் அங்கே பெண் வழி வம்சத்தையும் தேடிப் பிடிக்க முடிகிறது.

நாமும் 'சர்நேம்' கட்டத்தில் அவசரத்தில் எழுதுவது நம் பேரன் பேத்திகளின் குடும்பப் பெயராக நின்றுவிடக்கூடும். எனவே எந்தப் பெயர் என்பதை வீட்டில் கலந்து பேசி முடிவு செய்யுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். கூடவே தாத்தா, பாட்டி இருவர் வழியிலும் பெயர், ஊர் விவரங்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சர்நேம் சொல்லாமல் விடுவதை அந்த நோட்டு சொல்லும்.