போக்குக்கு மதம் உண்டா?

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி எனது சொந்த ஊர். கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில், 'தேசிய வருமானத்தில் வேளாண்மையின் பங்கு மதச்சார்பற்ற முறையில் சரிந்து வருகிறது' என்று ஒரு மாணவர் தேர்வுத்தாளில் எழுதியிருந்தார். முதலில் சிரித்தேன், பிறகு வருந்தினேன். 'செக்யூலர் டிரெண்ட்' என்ற ஆங்கிலத் தொடரை விளக்காமலேயே வகுப்பில் பயன்படுத்தி வந்தவன் நான்தான்.

'செக்யூலர்' என்ற சொல்லின் வேர், தலைமுறை அல்லது ஊழி எனப் பொருள்படும் லத்தீன் சொல். அதிலிருந்து 'இவ்வுலகு சார்ந்தது' என்ற பொருள் கிளைத்து, பின்னர் மதச்சார்பின்மையைக் குறித்தது. அந்தப் பொருளில்தான் 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அச்சொல் நமது அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையில் இடம்பெற்றது. பொருளியலோ பழைய காலப் பொருளையே பற்றிக்கொண்டது. 1938-இல் ஆல்வின் ஹான்சன் பேசிய 'செக்யூலர் ஸ்டாக்னேஷன்' என்பது நெடுங்காலத் தேக்கநிலையே. 2013-இல் லாரன்ஸ் சம்மர்ஸ் அதற்கு மீண்டும் உயிரூட்டினார்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. விடுதலைக்குப் பிந்தைய முப்பதாண்டுகளில் நமது பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 3.5 விழுக்காட்டளவில் வளர்ந்தது. பேராசிரியர் ராஜ் கிருஷ்ணா அதனை 'இந்து வளர்ச்சி விகிதம்' என்றார். உரிமக் கட்டுப்பாடு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, வறட்சி, போர் எனக் காரணங்கள் பல இருக்க, பழி ஒரு சமயத்தின் பெயரில் நிலைத்துவிட்டது. மதமே இல்லாத போக்கு ஒன்றுக்கு 'மதச்சார்பற்ற' என்ற அடைமொழி. இன்னொன்றுக்கு மதத்தின் பெயரே அடைமொழி!

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. காலத்தொடர் புள்ளிவிவரத்தில் நெடுங்காலப் போக்கு, பருவ மாற்றம், சுழற்சி, எதிர்பாரா நிகழ்வு என நான்கு கூறுகள் உண்டு. முதலாவதை மற்றவற்றிலிருந்து பிரித்தறியாவிட்டால் தீர்வும் தவறும். என் சிறுவயதில் எங்கள் பகுதியில் கவலை பூட்டி நீர் இறைத்த கிணறுகள் இருந்தன. பின்பு எண்ணெய் இயந்திரம் வந்தது. அதன்பின் ஆழ்துளைக் கிணறு. ஒரு நல்ல மழை பெய்தால் நீர்மட்டம் உயரும். சிக்கல் தீர்ந்ததாக எண்ணுவோம். அது பருவ மாற்றம். அடுத்த ஆழ்துளைக் கிணற்றை முன்னைவிட ஆழமாகத் தோண்ட வேண்டியிருக்கிறதே, அதுதான் போக்கு. பருவ மாற்றத்துக்கு வறட்சி நிவாரணம் போதும். போக்குக்கோ ஏரி, குளங்களைத் தூர்வாருவதும், குறைந்த நீரில் விளையும் பயிருக்கு மாறுவதும், நீர் எடுப்பில் கட்டுப்பாடும் வேண்டும்.

'வருசத்துக்கு வருசம் கீழே போய்க்கிட்டே இருக்குதுங்க ஐயா' என்றார் எங்களூர் உழவர் ஒருவர். நான் வகுப்பில் ஆங்கிலத்தில் மறைத்ததை அவர் தமிழில் விளக்கிவிட்டார். 'நெடுங்காலப் போக்கு' என்றே எழுதுவோம். பெயர் விளங்கினால்தான், அதை மாற்றும் பொறுப்பு யாருடையது என்று மக்களால் கேட்க முடியும்.