சிவப்புப் பொத்தானை மறுபடி அழுத்தாதீர்கள்

ரொறன்ரோ, மார்க்கம் பக்கம் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது எரிவாயு. குழாய் எட்டாத ஒன்ராறியோ நாட்டுப்புறத்திலும் அட்லாண்டிக் மாகாணங்களிலும் இன்னும் எண்ணெய் ஃபர்னஸ் ஓடுகிறது. நகரத்து விலைக்குப் பயந்து தள்ளிப்போய் வீடு வாங்கிய நம்மவர் சிலர், எண்ணெய்த் தாங்கி என்ற ஒன்றையே அந்த வீட்டின் பேஸ்மென்டில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். ஜனவரியில் ஃபர்னஸ் நின்றுபோனால் பதற்றம் வருவது இயல்பு. ஆனால் ஓரளவு குளிர்க்காப்புள்ள வீடு சில மணி நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அந்த அவகாசம் இருப்பதை மறந்து செய்யும் காரியங்களால்தான் பெரிய சேதங்கள் வருகின்றன.

முதலில் அற்பமானவற்றைப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டில் பற்றரி செத்திருக்கலாம். யாராவது ‘கூல்’ பக்கம் தள்ளியிருக்கலாம். பேஸ்மென்ட் படிக்கட்டின் மேல்முனையில் பல வீடுகளில் சிவப்புத் தகட்டோடு ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஃபர்னஸின் அவசர சுவிட்ச். விளக்குச் சுவிட்ச் என்று நினைத்து விருந்தாளியோ பிள்ளையோ அணைத்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான். பிரேக்கர் விழுந்திருக்கிறதா, காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருக்கிறதா, தாங்கியில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அளவுகாட்டியின் மிதவை சில நேரம் சிக்கிக்கொண்டு பொய் சொல்லும். மெதுவாக ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடாவிட்டால், பர்னரில் இருக்கும் சிவப்பு ரீசெட் பொத்தானுக்குக் கை போகும். ஒரு தடவை அழுத்தலாம். ஓடத் தொடங்கி மறுபடி நின்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். மோட்டார் சுழன்றதும் பம்ப் எண்ணெயைச் சுமார் 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு சிறு துளை வழியாகப் பனிபோலப் பீய்ச்சும். மின்பொறி அதைப் பற்றவைக்கும். சுடர் தெரிகிறதா என்று ஒரு ஒளியுணரி பார்த்துக்கொண்டே இருக்கும். மாடலைப் பொறுத்து 15 முதல் 45 விநாடிக்குள் வெளிச்சம் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திப் பூட்டிவிடும். நீங்கள் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும், பற்றாத எண்ணெய் எரியறைக்குள் இன்னும் கொஞ்சம் சேர்கிறது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ பொறி பிடித்தால் சேர்ந்ததெல்லாம் ஒரேயடியாகப் பற்றி, கரும்புகையும் கரியும் குழாய்கள் வழியாகப் படுக்கையறை வரை வரும். ஆங்கிலத்தில் ‘பஃப்பேக்’ என்பார்கள். சுவர், துணி, சோஃபா எதுவும் தப்பாது. அண்மைக்காலக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் மூன்று முறைக்குமேல் விடாமல் முழுதாகப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டைத் திறக்கும் தந்திரத்தைக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். அது தொழில்நுட்பர் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு செய்ய வேண்டிய வேலை.

எண்ணெய் தீர்ந்து நின்றிருந்தால், நிரப்பினால் மட்டும் போதாது. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். லொறி வரும்வரை சமாளிக்க டீசல் சில கலன் ஊற்றலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணெய்தான். பெற்றோல் ஒரு சொட்டும் ஆகாது, அது வெடிக்கும். தாங்கி வெளியில் இருந்தால் கடும் குளிரில் எண்ணெயில் மெழுகு திரண்டு குழாய் அடைப்பதும் உண்டு.

குளிருக்குப் பார்பிக்யூ அடுப்பையோ ஜெனரேட்டரையோ உள்ளே கொண்டுவருவது உயிரோடு விளையாடுவது; அவை கார்பன் மொனொக்சைடு என்ற நச்சுவாயுவைக் கக்கும். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக்கில் லோரி ஹோக்கின்ஸ், அவர் கணவர், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே கார்பன் மொனொக்சைடால் இறந்தது. எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைத்திருந்தது. வீட்டில் எச்சரிக்கைக் கருவி இல்லை. அதன் விளைவாக 2013இல் வந்ததுதான் ஹோக்கின்ஸ் கின்யாக் சட்டம். எரிபொருள் எரியும் வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அந்தக் கருவி இருப்பது இப்போது கட்டாயம். புகைபோக்கி அடைத்தால் எண்ணெய் ஃபர்னஸும் அதே வேலையைத்தான் செய்யும். கருவி அலறினாலோ, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தாலோ, வெளியே போய் நின்று 911ஐ அழையுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒன்ராறியோ சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வெப்பம் ஓர் அத்தியாவசியச் சேவை. பொதுவாக 20 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். நகராட்சி விதி அதைவிடக் கூடுதலாகவும் கேட்கலாம். வாடகை பாக்கி என்பதற்காக வீட்டுக்காரர் வெப்பத்தை நிறுத்த முடியாது. எண்ணெய் வாங்குவது உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தம் சொன்னாலும் ஃபர்னஸைத் திருத்துவது அவர் பொறுப்பே. அனுமதியில்லாத பேஸ்மென்ட் என்பதால் உரிமை இல்லை என்று மிரட்டினால் நம்பாதீர்கள். ஒரு முக்கிய விலக்கு மட்டும் உண்டு: வீட்டுக்காரருடனோ அவர் நெருங்கிய குடும்பத்தாருடனோ சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டிய ஏற்பாடாக இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. நம்மவர் ஏற்பாடுகள் பல வாய்ப்பேச்சில் முடிவதால் இதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

வீட்டுக்காரரிடம் “அண்ணை, குளிருது” என்று தொலைபேசியில் சொன்னதற்கு ஆதாரம் இராது. குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். தெர்மோமீட்டரைத் திகதியோடு படமெடுத்து வையுங்கள். பிறகு நகராட்சியின் விதி அமலாக்க அலுவலரிடம் முறையிடலாம். வாடகைத் தள்ளுபடி கேட்டு வீட்டுக்காரர்–குடியிருப்பாளர் தீர்ப்பாயத்தில் டி6 படிவம் கொடுக்கலாம். அதற்கு ஓராண்டு அவகாசம் உண்டு. கோபத்தில் வாடகையை நிறுத்தினால் மட்டும் வழக்கு உங்கள்மேல் திரும்பிவிடும்.

சொந்த வீட்டில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. ஃபர்னஸைத் திருத்த வருபவரிடம் எண்ணெய் பர்னர் தொழில்நுட்பர் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்ராறியோவில் அதை வழங்குவது டிஎஸ்எஸ்ஏ என்ற அமைப்பு. மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்: ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால் கடைசிப் பில் அதைவிடப் பத்து வீதத்துக்குமேல் கூட முடியாது. அழைக்காமல் கதவைத் தட்டி ஃபர்னஸ் விற்பது 2018 மார்ச் முதல் தடை. உங்கள் வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். வாடகைக் கருவியின் பேரில் வீட்டுப் பத்திரத்திலேயே பிணை பதிந்து, விற்கும்போது ஆயிரக்கணக்கில் கறந்த கும்பல்களால் பல முதியவர்கள் அழுதார்கள். 2024இல்தான் அந்தப் பதிவைத் தடைசெய்தார்கள்.

ஃபர்னஸ் ஓடத் தொடங்கியதும் தாங்கியின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் கசிந்து மண்ணுக்குள் போனால் சுத்தம் செய்யும் செலவு உரிமையாளருடையது. பல காப்புறுதிகள் அதைத் தனியாக எழுதிச் சேர்த்தால் ஒழிய ஏற்பதில்லை.