ஒரு சமையலறையும் ஒரு துண்டு நிலமும்

அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் ஓக்ஸ்பேர்க் என்றொரு சிறிய லூதரன் பல்கலைக்கழகம் உண்டு. நோர்வேயிலிருந்து குடியேறிய மக்கள் அதை 1869இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஆரம்பித்து, 1872இல் இந்நகருக்குக் கொண்டுவந்தார்கள். ஊரைவிட்டு வந்தவர்கள் கட்டியெழுப்பிய கலாசாலை அது. இன்று அதன் அயலில் வாழ்வோரில் பெருந்தொகையானோர் சோமாலியாவில் 1991இல் அரசு வீழ்ந்தபின் நீடித்த யுத்தத்தினால் இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தினர்.

2003இல் இங்கே மாணவர் சமையலறை ஒன்று ஆரம்பமாயிற்று. உணவு மண்டபத்தில் பரிமாறாமல் மிஞ்சும் உணவைச் சேர்த்து, மாணவர்களே சமைத்துப் பொதிசெய்து அயலவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பாடம் முடிந்த கையோடு அகப்பை பிடிக்கும் வேலை.

நல்ல காரியந்தான். ஆனால் வரிசையில் நின்று வாங்கிய சோற்றின் ருசி நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொடுப்பவர் எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும் வாங்குபவரின் கை கீழேதான் இருக்கிறது.

ஆகவே, அங்குள்ள தோட்டமே நமக்குப் பெரிதாகப் படுகிறது. பல்கலைக்கழகக் காணியில் நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, மாணவருக்கும் ஊழியருக்கும் அயல் குடும்பங்களுக்கும் பயிரிடக் கொடுக்கிறார்கள். விளைவது அவரவருக்கு. ஒரு துண்டு நிலந்தான். ஆனாலும் என்ன நடுவது என்று தீர்மானிப்பவர் அதில் உழைப்பவரே.

அது உறைபனி விழும் நாடு. மே மாதம் நட்டால் ஒக்டோபருக்குள் பிடுங்கிவிட வேண்டும். அந்த ஐந்து மாதமும் மாணவரும் அயலவரும் அடுத்தடுத்த பாத்திகளில் குனிந்து களை பிடுங்குகிறார்கள்.